கேட்காமல் வந்த கை

சூளை வாசலைப் பிரிக்கிறவன் மேலே இருந்துதான் தொடங்க வேண்டும். அடியில் கை வைத்தால் மொத்தச் சுவரும் காலில் வந்து விழும். சிங்காரவேல் இரண்டு வருஷமாக அந்தச் சூளைக்கு மேஸ்திரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துவிடுவான். ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துப் பின்னால் நின்ற தங்கதுரையிடம் கொடுத்துக்கொண்டே வந்தான். சுவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியபோது, தங்கதுரை ஒரு கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, இது இன்னா?"

கல்லின் உட்பக்கத்தில், நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில், ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. வலது கை. ஈரக் களிமண்ணில் அழுத்தியதுபோல ரேகை வரைக்கும் தெரிந்தது. நடுவிரலும் மோதிர விரலும் தனித்தனியாக இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒட்டிக் கிடந்தன.

"செங்கல்லு அறுத்தவன் கையா இருக்கும்" என்றான் சிங்காரவேல்.

"நாலு வருசமா இதே கல்லத்தான் வாசலுக்கு அடைக்கிறோம். இத்தினி நாளு இல்லாத கை இன்னிக்கு எங்கேருந்து வந்துதாம்?"

சிங்காரவேல் கல்லை வாங்கினான். மற்றக் கற்களைச் சாக்கை மடித்துப் பிடித்தும் சுட்டது. இது மட்டும் மணிமுத்தாற்று மணலைத் தோண்டி எடுத்த கூழாங்கல் போலக் குளிர்ந்து கிடந்தது. நனைந்த சாக்கின் வாசனை ஒன்று மூக்கில் ஏறி உடனே மறைந்தது. அந்தக் காய்ந்த சூளைமேட்டில் சொட்டு ஈரம் கிடையாது.

அதைப் பற்றி மேலும் யோசிக்க அவனுக்கு நேரமில்லை. உள்ளே நுழைந்து பார்த்தால், அடுக்கிய ஊறுகாய் ஜாடிகளில் பத்துக்கு எட்டு வாய் முதல் அடி வரை கீறல் விட்டிருந்தன.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தை மாதம் பாதி. மாசி மகத்துக்கு விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் தெருவில் போடும் கடைகளுக்கெல்லாம் ஜாடி கொடுக்கிறேன் என்று முதலாளி ஆதிநாராயணன் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. உரக்கப் பேசுகிறவர், அவ்வளவுதான். உடைந்த ஜாடிக் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஏம்பா சிங்காரம், மகத்துக்குள்ள இன்னும் ரெண்டு சூளதான் எரிக்க முடியும். அதுவும் இப்டி ஓட்டாஞ்சில்லாத்தான் வரும்னா, நான் சூளைய அணைச்சிட்டு எடத்த வித்துட்டுப் போறேன். பதினோரு பேரும் வேற எடம் பாத்துக்குங்க. மொதல்ல நீ பாரு."

சிங்காரவேலுக்கு வேறு எதுவும் தெரியாது. பதினேழு வயதில் இந்தப் பட்டறைக்குள் நுழைந்தவன். மண் தெரியும், தீ தெரியும். மனைவி ராணியும் இங்கேதான் ஜாடிகளைப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிறாள். இந்தச் சூளை அணைந்தால் அவர்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ராணி கேட்டாள். "மொத ஜாடிய யாருக்குக் குடுத்தீங்க?"

"எல்லாமே ஒடைஞ்சு கெடக்குது. மொத ஜாடியாம், கடேசி ஜாடியாம்."

"ஒடையாதப்ப மட்டும் குடுத்தீங்களாக்கும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அந்தச் சூளையில் ஒரு வழக்கம் இருந்தது. வாசல் பிரித்ததும் கையில் வரும் முதல் பண்டத்தை விற்க மாட்டார்கள். அந்தத் தடவை சூளைக்காக யார் கேட்காமல் வந்து ஒரு கை கொடுத்தார்களோ, அவர்களைத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். வண்டி சேற்றில் மாட்டியபோது தள்ளிய வழிப்போக்கன், விறகு நனையாமல் இழுத்து மூடிய பக்கத்து வீட்டுக்காரி, யாராகவும் இருக்கலாம். 'கேக்காம வந்த கைக்கு மொத பண்டம்' என்பார்கள். அது யாருடைய கை என்று நினைவில் வைத்திருப்பது மேஸ்திரியின் வேலை. சிங்காரவேல் மேஸ்திரியானதும் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்க அவனுக்கு ஒருத்தரும் வரவில்லை, அதுதான் காரணம்.

அதற்கும் ஒரு கதை உண்டு. ஏழு வருஷத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம், சாப்பாட்டு நேரத்தில், ஆறாத சூளைக்குள்ளிருந்து ஜாடி வைத்துச் சுடும் மண்பெட்டி ஒன்றைத் தூக்கி வருகிறேன் என்று பந்தயம் கட்டி அவன் தனியாக உள்ளே போனான். மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது வெளியே வேப்ப மரத்தடியில், மேலே ஒரு சாக்கோடு கிடந்தான். "எப்டிடா வந்தே?" என்று எல்லாரும் கேட்டார்கள். அவனுக்கு எதுவும் நினைவில்லை. நினைவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நடந்துதான் வந்தேன்" என்றான். அன்றிலிருந்து நூறு தடவை சொல்லியிருப்பான். சொல்லச் சொல்ல அவனே நம்பிவிட்டான். நெருப்புக்குள் போய்த் தன் காலாலேயே நடந்து வந்தவன் என்ற பேர்தான் அவனை மேஸ்திரியாக்கியது.

தன் காலால் வந்தவனுக்கு யார் கை வேண்டும்?

"இந்தத் தடவ நம்மளுக்கு யாரும் ஒண்ணும் செய்யலியே ராணி. எல்லாம் நாமதான செஞ்சோம்" என்றான் கை கழுவிக்கொண்டே.

அவள் சிரித்தாள். "சுடாத பச்ச ஜாடி வெளிய காஞ்சப்ப தூத்தல் போட்டுதே. எதுத்த பட்டறைக்காரரு தார்ப்பாய தூக்கிக்கினு ஓடியாந்தாரு. அவர யாரு கூப்ட்டா?"

அப்போதுதான் அவனுக்கு அது நினைவு வந்தது. தார்ப்பாயை அவன் கையால் வாங்கியிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் பயத்தால்தான் அவன் நினைத்துப் பார்க்க ஆரம்பித்தான். ஆனால் பயத்தால் தொடங்குகிற நல்ல பழக்கத்தையும் ஆண்டவன் தள்ளிவிடுவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்காரர் ஜாடி வேலை நடக்கிற நாட்களில் குழாயைக் கால் மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கிறார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் கண்டக்டர், அவன் தெரு முனையில் ஓடி வருவதைப் பார்த்தால் விசில் அடிக்காமல் நிற்கிறார். அவன் சட்டையில் போன மாதம் அறுந்த பொத்தான் எப்போது திரும்பி வந்தது என்று அவனுக்கே தெரியாது. தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. உடம்பில் ஒரு இடத்தில் சொறிந்தால் உடம்பெல்லாம் அரிப்பது போல இருந்தது அவனுக்கு.

இரண்டாவது சூளை எரிந்து ஆறியது. வாசல் பிரித்தார்கள். மறுபடியும் கீறல்தான். தேறிய ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு எதிர்ப் பட்டறைக்குப் போய் தார்ப்பாய்க்காரரிடம் கொடுத்தான். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் வாங்கி, "தூத்தலுக்குப் போயா?" என்று கேட்டார். அவர் கண் ஏன் கலங்கியது என்று இவனுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபோது தங்கதுரை சூளையிலிருந்து எட்டத் தள்ளி நின்றிருந்தான்.

"அண்ணே, மறுபடியும் இருக்குது."

இந்த முறை வேறு கல். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த கை இப்போது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. அதே ஒட்டிய விரல்கள். அதே குளிர்ச்சி. சிங்காரவேல் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவன் கையைவிடச் சின்னது. பெண் கை.

அந்தச் சூளைக்குள் பெண்கள் காலெடுத்து வைப்பதில்லை. வைத்தால் பண்டம் தேறாது என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லி வைத்தது. ராணிகூட வாசல் கோட்டோடு நின்று ஜாடியை நீட்டுவாள். அப்படியிருக்க, அடைத்த சூளைக்குள், இரும்பே இளகும் நெருப்பில், ஒரு பெண் இருந்திருக்கிறாள். முதல் தடவை தரையில் கிடந்திருப்பாள். இப்போது எழுந்திருக்கிறாள்.

"மொதலாளிகிட்ட சொல்லாத" என்றான்.

"நான் எங்க சொல்றது? நெருப்பையே நடந்து தாண்டினவரு நீங்களே நடுங்குறீங்க" என்றான் தங்கதுரை. கேலியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் உள்ளே போய்விட்டது.

மூன்றாவது சூளையைச் சிங்காரவேல் இரண்டு நாள் தன் கையாலேயே அடுக்கினான். ஜாடிகளை வைத்த சுடுமண் பெட்டிகளைக் கீழ் வரிசையில் இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தான். வாசலை அடைத்து மண் பூசி, பழமலைநாதரை நினைத்து, கற்பூரம் காட்டித் தீ வைத்தான். மறுநாள் உச்சிப் பொழுதில் சூடு முழுசாக ஏறும். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதற்கு நேரே உள்ளே ஒரு சின்ன மண் கூம்பு நிற்கும். கூம்பின் தலை வளைந்தால் பண்டம் வெந்துவிட்டது, தீயை நிறுத்தலாம். நிறுத்துவது கொஞ்சம் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சூளைமேட்டில் காக்கைகூட இல்லை. சிங்காரவேல் ஓட்டையில் அடைத்திருந்த மண் கட்டியை எடுத்துவிட்டுக் கண்ணைக் கொண்டுபோனான். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாக நெருப்பு நின்றது. அதற்குள் ஆட்டம் அசைவு எதுவும் இல்லை. கூம்பு தெரிந்தது. இன்னும் நேராக நின்றது. அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கினான்.

வெளிச்சம் அணைந்தது.

தீ அணையவில்லை. உள்ளிருந்து யாரோ ஓட்டையை மூடியிருந்தார்கள். சிவந்த இருட்டு. விளக்குக்கு முன் கையை விரித்துப் பிடித்தால் விரலோரம் சிவப்பாகத் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதில் ரேகை ஓடியது. இரண்டு விரல்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை.

ஓட்டை வழியாக அனல் வர வேண்டிய இடத்தில், நனைந்த சாக்கின் வாசனை மெல்ல வந்து அவன் முகத்தில் பட்டது.

சிங்காரவேல் பின்னால் விழுந்தான். விழுந்த இடத்திலேயே, எந்த வீம்பும் இல்லாமல், சின்னப் பிள்ளை போலக் கேட்டான். "யாரு?"

கொஞ்ச நேரத்தில் ஓட்டையில் மறுபடி வெளிச்சம் விழுந்தது. எழுந்து தள்ளி நின்று பார்த்தான். கூம்பு வளைந்திருந்தது. தீயை நிறுத்தினான்.

அதன் பிறகு சூளை ஆற இரண்டு நாள். இரண்டாம் நாள் காலை முதலாளி வந்து, லாரி பத்து மணிக்கு வருகிறது, பாதி சூடு இருந்தாலும் பரவாயில்லை, வாசலைப் பிரி என்றார். "ஒரு டீ குடிச்சிட்டு வரேங்க" என்று சொல்லி எதிரே தனக்கோடியின் டீக்கடைக்குப் போனான். முதல் தடவை கிடைத்த கல்லை ஒரு துண்டில் சுற்றிக் கடைக்குப் பின்னால்தான் மறைத்து வைத்திருந்தான்.

தனக்கோடி டீயை ஆற்றி வைத்தாள். "இன்னா மேஸ்திரி, மூஞ்சி பேயறஞ்ச மாரி இருக்குது?"

அவன் ஒரு வாய் குடித்தான். யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கும் இந்த ஒரு மாதப் பழக்கத்தில் கேள்வி வாயில் தானாக வந்தது. "அக்கா, எனக்கு சக்கர கம்மியா வேணும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எப்பத்துலேருந்து இப்டிப் போடுற?"

"பல்லு வலின்னு நீ கன்னத்தப் புடிச்சிக்கினு நின்னியே, அதுலேருந்து. அது ஆச்சு அஞ்சாறு வருசம். இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சியா, தொர?"

"இந்தத் தடவ மொத ஜாடி ஒனக்குத்தான்க்கா."

தனக்கோடி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கேலி போன இடம் தெரியவில்லை. அவனை உற்றுப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடா ஜாடி? நீ குடுக்கறதுன்னா குடுக்க வேண்டியவளுக்குக் குடு. ஏழு வருசமா என் வாயக் கட்டிப்போட்டு வச்சிருக்கா. நீ நடந்து வந்தேன் நடந்து வந்தேன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்."

"யாரு?"

"ஒடைஞ்ச சில்லு பொறுக்க வருமே ஒரு பொம்பள, நீலாவதின்னு. அன்னிக்கு எல்லாம் சாப்டப் போனப்ப அதுதான் உள்ள போயி ஒன்ன இழுத்தாந்துது. ஒரு சாக்க நனைச்சுப் போத்திக்கினு போச்சு. வெளிய வந்து அந்தச் சாக்க ஒம்மேல போட்டுட்டு என் கடைக்கு ஓடியாந்துது. கையி வெந்து தோலு தொங்குது. வாழெலையச் சுத்தி பஸ்ஸு ஏத்திவுட்டவ நான்தான். 'யாருகிட்டயும் சொல்லாதக்கா, பொம்பள சூளைக்குள்ள பூந்துட்டான்னு நாளைக்கு எது ஒடைஞ்சாலும் எம்மேல பழி போடுவாங்க. அந்தப் புள்ளையும் பொண்ணு பாக்குற வயசு, பொம்பள இழுத்துப் போட்டான்னு சிரிப்பாங்க'ன்னுச்சு. அதோட இந்தப் பக்கமே வரல. ஏன் வரலன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

சிங்காரவேல் எழுந்து கடைக்குப் பின்னால் போய்த் துண்டை எடுத்து வந்து பிரித்தான். தனக்கோடி கல்லைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வருசம் மங்கலம்பேட்ட சந்தையில பாத்தேன். ரெண்டு வெரலும் இப்டித்தான் ஒட்டிக்கினு இருந்துது" என்றாள். பிறகு அவசரமாக, "உசுரோடதான் இருக்குது. பள்ளிவாசல் பின்னால, சவுதிக்குப் போனவரு ஒருத்தரு வூட்டுல சமைச்சுப் போடுது" என்றாள்.

சிங்காரவேல் சூளைக்குத் திரும்பி வந்தபோது முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"மொதலாளி, மொத பண்டம் யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்களப் பாத்து சொல்லிட்டு வந்துதான் வாசல் பிரிப்பேன். மத்தியானத்துக்குள்ள வந்துடறேங்க."

"லாரி வந்து நிக்குது, நீ ஊர் சுத்தப் போறியா? நீ இல்லன்னா தங்கதுரை பிரிப்பான்!"

சிங்காரவேல் தங்கதுரையின் பக்கம் திரும்பினான். எப்போதும் அதட்டியே பேசியவன், அவன் கையைப் பிடித்தான். "தம்பி, நான் வர வரைக்கும் வாசல்ல கை வைக்காத. ஒன்னக் கேட்டுக்கறேன்." தங்கதுரைக்கு அந்தச் சொல்லே புதிதாக இருந்தது.

மங்கலம்பேட்டை பஸ் ஊர்ந்து போனது. மடியில் துண்டில் சுற்றிய கல் குளிர்ந்து கிடந்தது. வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இறங்கித் திரும்ப மனம் வரவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். கொல்லைப்புறத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கையால் கிள்ளினாள். வலது கையை ஒரு குண்டான் தண்ணீருக்குள் விட்டு வைத்திருந்தாள்.

"நீலாவதி அக்காங்களா? நான் விருத்தாசலம் பீங்கான் பட்டற சிங்காரவேலுங்க."

அவள் நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தாள். "எளச்சிட்டியேப்பா" என்றாள். "வேலை நேரத்துல இங்க இன்னாத்துக்கு வந்தே? சூளைய ஆரு பாக்கறா?"

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்திருந்தான். நன்றி என்ற சொல் இருக்கிறது. அதை மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள். அவன் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அவன் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தான். தண்ணீருக்குள்ளிருந்த அந்தக் கையை எடுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் ஒன்றாக இருந்தன. அதைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"நான் நடக்கலீங்கக்கா. நீங்கதான் தூக்கியாந்தீங்க. ஏழு வருசமா ஊரெல்லாம் பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

"சரி வுடு. நடந்தேன்னு சொன்னா இன்னா, ஓடுனேன்னு சொன்னா இன்னா. வெளிய வந்தே இல்ல?" அவள் கையை இழுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் விட்டாள். "தப்பா நெனைக்காத. எரியுது. ஆறுன புண்ணுதான், இத்தினி வருசம் சும்மா கெடந்துது. இந்தத் தை மாசத்துலேருந்து உச்சி வேளையானா நெருப்புல வச்ச மாரி ஆவுது. கண்ண மூடுனா அந்தச் சூளையும் நீ குனிஞ்சு உள்ள போறதும்தான் தெரியுது. பழமலைநாதா, அந்தப் புள்ள உள்ள போவக்கூடாது, வாசல சாத்து, வாசல சாத்துன்னு சொல்லிக்கினே கெடப்பேன். கிறுக்குன்னு நெனப்பே."

சிங்காரவேல் மடியிலிருந்த துண்டைப் பிரிக்கவில்லை. அவளுக்குக் காட்டிப் பயமுறுத்த மனம் வரவில்லை. தன்னிடம் கடன் கேட்டு வந்து நிற்கிற கை என்றுதானே இத்தனை நாள் நினைத்தான்!

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நீலாவதி திடுக்கிட்டவள் போல நிமிர்ந்தாள். தண்ணீரிலிருந்து கையை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"அட, நின்னுபோச்சு" என்றாள் ஆச்சரியமாக. "சுத்தமா ஆறிப்போச்சுப்பா."

துண்டுக்குள் அந்தக் கல், மற்ற எந்தக் கல்லையும் போல, மெல்லச் சூடாகத் தொடங்கியது.

சிங்காரவேல் பஸ் இறங்கி ஓடி வந்தபோது பட்டறை வாசலில் கூட்டம். புழுதி இன்னும் அடங்கவில்லை. சூளையின் வளைந்த கூரை முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் விழுந்த ஒரு கீறல், புகைக்கரிக்குப் பின்னால் ஒளிந்து, ஒவ்வொரு சூளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்திருக்கிறது. அதன் வழியாக இறங்கிய குளிர்காற்றுதான் ஜாடிகளை உடைத்தது. அவன் குனிந்து ஜாடிகளைப் பார்த்தானே தவிர, ஒரு நாளும் நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை.

தங்கதுரை ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "மொதலாளி கத்து கத்துன்னு கத்துனாரு. மொத கல்லு மேல கைய வச்சிட்டேண்ணே. அப்றம் நீ கையப் புடிச்சுக் கேட்டியே, அது வந்து முன்னால நின்னுது. போங்கய்யான்னு வந்து மரத்தடியில குந்திட்டேன். பாங்கு சத்தம் கேக்குது, மடமடன்னு எறங்குது! கல்லு பிரிச்சிருந்தா அந்நேரம் நாங்க நாலு பேரு உள்ள நின்னிருப்போம். நீ இங்க இருந்திருந்தா நீயும்தான்."

ஆதிநாராயணன் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "நான் வாசல்லதான் நின்னிருப்பேன், சிங்காரம்" என்றார்.

கூரை விழுந்தும் வாசல் சுவர் ஆடாமல் நின்றிருந்தது. மாலையில், சூடு தணிந்த பிறகு, எல்லாருமாக மேலே இருந்து கல்லை அள்ளினார்கள். சுவரின் உட்பக்கம் தெரிந்ததும் அள்ளுகிற கைகள் நின்றன. நெஞ்சு உயரத்தில் இரண்டு உள்ளங்கைகள், பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. ஒன்று விரல்கள் பிரிந்த கை. மற்றது விரல் ஒட்டிய கை. வெளியே இருந்து யாரும் திறந்துவிடாதபடி ஒருத்தி உள்ளிருந்து முழு பலத்தையும் கொடுத்துச் சாய்ந்து நின்றதுபோல இருந்தது. சிங்காரவேல் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டான். ஏன் என்று கேட்காமல் மற்றவர்களும் கும்பிட்டார்கள்.

நெருக்கி அடுக்கிய கீழ் வரிசைப் பெட்டிகள் மேலே விழுந்த பாரத்தைத் தாங்கியிருந்தன. அவற்றைத் திறந்தபோது ஜாடிகள் கீறல் இல்லாமல், தேன் நிறத்தில் பளபளத்தன. மகத்துக் கடைகளுக்கு எல்லாருக்கும் போதாது. ஆனால் வாக்குத் தவறினார் என்று முதலாளியை யாரும் சொல்லாத அளவுக்குத் தேறியது. கூரையைத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டார்.

முதல் ஜாடியைச் சிங்காரவேலும் ராணியுமாக மங்கலம்பேட்டைக்கு எடுத்துப் போனார்கள். நீலாவதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எனக்கு இன்னாத்துக்குப்பா இத்தினி அழகு?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய் அதில் கல்லுப்பு நிரப்பி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்பு எடுக்கும்போதெல்லாம் உன்னை நினைப்பேன் என்று அவள் சொல்லவில்லை. ராணி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

வைகாசியில் புதுக் கூரைக்கு முதல் தீ வைத்தார்கள். இப்போதெல்லாம் வாசலின் கடைசிக் கல்லை வைக்குமுன் ஒவ்வொருவரும் அந்தத் தடவை கேட்காமல் வந்த கை ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினோரு பேரும் சொல்லி முடிப்பதற்குள் குழைத்த மண் காய்ந்துவிடுகிறது என்று தங்கதுரை சலித்துக்கொள்வான். ராணி மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைத்துக் கொடுப்பாள். இப்போது அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்த்தான் ஜாடி அடுக்குகிறாள்.

அந்த முதல் தீயின் மறுநாள், உச்சிப் பொழுதில், சிங்காரவேல் கூம்பைப் பார்க்க ஓட்டையருகே தனியாகக் குனிந்தான். நெருப்பு வெள்ளையாக நின்றது. கை எதுவும் வரவில்லை. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டான் போலிருக்கிறது. எங்கிருந்தோ நனைந்த சாக்கின் வாசனை மெல்ல வந்து முகத்தில் பட்டது.

"சரிக்கா" என்று சொல்லி, அவன் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.